கூண்டை விட்டு வந்த கோழிக்கு முதல் மாதம்

முட்டைப் பண்ணையில் கோழியின் வயதை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். ஏறக்குறைய பதினேழு, பதினெட்டு வாரத்தில் அது கூண்டுக்குள் போகும். அதற்குப் பிறகு சில வாரங்களில் முட்டையிட ஆரம்பிக்கும். 72 வாரம் ஆனதும் கணக்கை முடித்துவிடுவது பழைய வழக்கம். இப்போது சில இடங்களில் 80, 90 வாரம் வரைகூட வைத்துக்கொள்கிறார்கள். அந்த வயதில் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடுவதில்லை. எண்ணிக்கை கொஞ்சம் குறைகிறது, ஓடு மெலிகிறது, போடும் தீவனத்துக்கு வரும் முட்டை கட்டுப்படியாவதில்லை. ஒரே நாளில் கொட்டகையைக் காலி செய்து, கழுவி, அடுத்த தொகுதியை ஏற்றிவிடுவார்கள். பழைய கோழிகள் கறிக்குப் போகும்.

பிரிட்டனில் இந்த இடத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஜேன் ஹோவர்த் என்ற பெண்மணி டெவன் மாவட்டத்தில் 2005-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட். கொட்டகை காலியாகும் நாளைப் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கறிக்குப் போகவேண்டிய கோழிகளில் ஒரு பகுதியை வாங்கி, முன்பதிவு செய்த வீட்டுக்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் இப்படி வீடுகளுக்குப் போயிருக்கின்றன. பண்ணைக்காரரை எதிரியாக நிறுத்தாமல் அவரோடு பேசிக் காரியம் செய்வது இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொட்டகைக் கதவைத் திறந்துவிட வேண்டியவர் அவர்தானே.

குறித்த நாளில் அட்டைப்பெட்டியோடும் பூனைக்கூடையோடும் ஆட்கள் வந்து, மூன்று நான்கு கோழிகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களில் பலருடைய மனதில் இருப்பது ஒரே காட்சி: வீட்டுத் தோட்டத்தில் பெட்டியைத் திறந்ததும் கோழி புல்லில் ஓடும். ஒன்றரை வருடம் அடைந்து கிடந்ததே, ஆசை தீரத் திரியட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கோழிக்கு அன்று அது ஆகாது. மாவுக்கட்டு பிரித்த கையால் அன்றைக்கே யாரும் குடம் தூக்குவதில்லை அல்லவா? கிளறுவது, மண்ணில் புரள்வது, மேலே ஏறி அடைவது என்று கோழிக்கு உரிய சுபாவம் எல்லாம் கூண்டிலும் அழியாமல் இருக்கிறது. எலும்பு, தசை, தோல், குடல் இவைதான் அந்தச் சுபாவத்துக்கு ஈடுகொடுக்கும் நிலையில் இல்லை. ஆகவே விடுதலையை அந்த உடம்பு தாங்குகிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். முதல் மாதத்தில் செய்யவேண்டிய எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

கூண்டு என்றால் எவ்வளவு பெரிது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகைக் கம்பிக்கூண்டில் ஒரு கோழிக்கு ஐரோப்பியச் சட்டம் கேட்ட குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் பரப்பு 624. தாளைவிடக் குறைவான இடம். நிற்கலாம், குந்தலாம், ஆனால் இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஆணைப்படி இந்தக் கூண்டுகள் 2012 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. பிரிட்டனும் அப்போது ஒன்றியத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், அடைய ஒரு கம்பு, மறைவாக முட்டையிட ஓர் இடம், கிளறிப் பார்க்க ஒரு சிறு விரிப்பு எல்லாம் உண்டு. ஆகவே இன்று பிரிட்டனில் வீட்டுக்கு வரும் கோழி, 2012-க்கு முன் வந்தவை அளவுக்கு மோசமான கோலத்தில் இருப்பதில்லை. ஆனால் மண்ணில் கால் வைத்ததில்லை, வெயிலைப் பார்த்ததில்லை என்பது இதற்கும் பொருந்தும்.

நம் ஊரில் நிலைமை வேறு. நாமக்கல் வட்டாரத்தில் சாலையோரமாகத் தெரியும் நீண்ட கொட்டகைகளில் இருப்பது பெரும்பாலும் பழைய வகைக் கம்பிக்கூண்டுதான். முட்டைக்கோழிகளுக்காக இந்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விதிகள் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்கின்றன. ஐரோப்பா போதாது என்று கைவிட்ட அதே அளவு. இங்கே பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட கோழியை வாங்கி வந்து வளர்ப்பவர்களுக்கு, பிரிட்டன்காரர்கள் தங்கள் கோழிகளிடம் கற்றுக்கொண்டது இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எலும்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும். கோழி அப்போது தின்பதில்லை. அதனால் ஓட்டுக்கு வேண்டியதில் ஒரு பங்கை எலும்புக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்போதைய பண்ணைக்கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அதன் மூதாதையான காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். சேமிப்பு தீர்ந்தால் உடம்பைத் தாங்கும் எலும்பிலேயே கை வைக்கிறது. நடமாட்டம் இல்லாத உடம்பில் எலும்பு தானாகவும் மெலியும். பிரிட்டனில் கிரிகரி, வில்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. பண்ணையில் கழித்த கூண்டுக்கோழிகள் வெட்டுமிடம் போய்ச் சேரும்போது அவற்றில் 29 சதவீதத்துக்கு ஓர் எலும்பாவது முறிந்திருந்தது. பிடிப்பதும் தூக்குவதும் ஏற்றுவதுமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால், அந்தக் கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க யாருக்கும் கை வராது. இரண்டு கையாலும் இறக்கையின் மேலாக அணைத்துப் பிடித்து, உடம்போடு சேர்த்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். அடையும் கம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கம்பு நான்கைந்து சென்டிமீட்டர் அகலம், விளிம்பு மழுங்கியதாக இருந்தால் கால் சரியாகப் பிடிக்கும். கூட்டுக்குள் ஏறுவதற்கு, குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகை ஒன்று போடுங்கள். ‘கோழிதானே, குதித்து ஏறிக்கொள்ளாதா?’ என்று விட்டுவிடக் கூடாது. கூண்டே இல்லாத பண்ணைகளில்கூட நெஞ்செலும்பு முறிவது பெரிய பிரச்சினையாக இருக்கிறது. உயரத்திலிருந்து இறங்கும்போது மோதிக்கொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நகமும் நீண்டு வளைந்திருக்கும். கிளறாத காலில் நகம் எப்படித் தேயும்? தீவனத் தட்டுக்கு அடியில் சொரசொரப்பான கல் ஒன்றைப் போட்டு வைத்தால் சில வாரங்களில் அதுவாகவே தேய்ந்துவிடும்.

வீட்டுக்கு வரும் நாளில் தோட்டம் வேண்டாம். ஒரு சிறு கூடும், அதை ஒட்டி வலையடித்த அடைப்பும் போதும். பெட்டியை அந்த அடைப்புக்குள் வைத்துத் திறந்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். சில கோழிகள் உடனே தலையை நீட்டும். சில வெகு நேரம் வெளியே வராது. வந்த பிறகும் ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, விரல்களை மடக்கி, கொஞ்சம் யோசித்து, அப்புறம்தான் கீழே வைக்கும். கம்பியின் மேலேயே நின்று பழகிய காலுக்கு மண் புதிது. ஐந்து நிமிடம் கழித்து அதே கோழி ஒரு காலால் மண்ணைப் பின்னால் தள்ளிப் பார்க்கும். இன்னொரு முறை தள்ளும். பிறகு ஓர் அடி பின்வாங்கி, தள்ளிய இடத்தில் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்க்கும். எந்தத் தாய்க்கோழியும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு அது.

முதலில் தண்ணீர். பண்ணையில் குழாயில் தொங்கும் நிப்பிளைக் கொத்தினால் சொட்டுச் சொட்டாக வரும். பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரை அது தண்ணீர் என்றே அறியாமல் இருக்கலாம். ஒரு கோழியின் அலகு நுனியை மட்டும் ஒரு தரம் தண்ணீரில் தொட்டு எடுங்கள். அது குடிப்பதைப் பார்த்து மற்றவையும் வந்துவிடும். தீவனமும் அப்படித்தான். பண்ணையில் தின்றது தூள் தீவனம், அதுவும் முட்டைக்கோழிக்கென்று அரைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே குச்சித் தீவனத்தையோ முழுத் தானியத்தையோ கொட்டினால் அதைத் தீனி என்றே எண்ணாமல் பட்டினி கிடக்கும். முதல் சில வாரங்களுக்கு அதே தூள் தீவனத்தைக் கொடுத்து, பிறகு கலந்து கலந்து மாற்றலாம். பல பண்ணைகளில் குஞ்சிலேயே அலகின் நுனியைத் தீய்த்துவிடுவார்கள். மழுங்கிய அலகால் தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்குவது சிரமம். அதனால் தட்டில் தீவனம் ஆழமாக இருக்கட்டும். ஒரு கோழி நாளொன்றுக்கு 110 முதல் 130 கிராம் வரை தின்னும்.

தட்டு இரண்டு, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு. இது வசதிக்காகச் சொல்வதில்லை. ஒரே கொட்டகையிலிருந்து வந்திருந்தாலும் இந்த மூன்று நான்கு கோழிகளும் ஒரே கூண்டில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கொன்று அந்நியம். யாருக்கு யார் பெரியவள் என்பது முடிவாகும்வரை கொத்தலும் விரட்டலும் இருக்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் தலையிடாமல் விடுவதுதான் நல்லது. நாம் பிரித்துப் பிரித்து வைத்தால் அந்த வரிசை முடிவாகவே ஆகாது. ஒரு வாரம் போல ஆகும். அதுவரை அடிபடுகிற கோழி பயந்து தீவனத்துப் பக்கமே போகாமல் மெலிந்துவிடாதிருக்கத்தான் இரண்டாவது தட்டு, அதுவும் முதல் தட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில். ரத்தம் வந்துவிட்டால் மட்டும் விஷயம் வேறு. சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அங்கேயே கொத்தும், சாகும்வரை கொத்தும். அடிபட்டதை உடனே எடுத்து, காயத்தைக் கழுவி, நிறத்தை மறைக்கும் ஊதா மருந்து அடிக்க வேண்டும். பிரிட்டனில் கோழி வளர்ப்பவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த ஊதா ஸ்பிரே இருக்கும். நம் வீடுகளில் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடுவார்கள். காயம் ஆறிய பிறகு திரும்பச் சேர்க்கலாம். கண்ணுக்குத் தெரியும்படி வலைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தால் மற்றவை அதை மறந்துவிடாது.

‘கோழி அடையும் நேரம்’ என்று நாம் பொழுதைக் குறிக்கும் அளவுக்கு அது தவறாத வழக்கம். ஆனால் இந்தக் கோழிக்கு அந்தி தெரியாது. கொட்டகையில் வெளிச்சம் ஸ்விட்சில் வந்து ஸ்விட்சில் போனது, அதுவும் நாளொன்றுக்கு 14, 16 மணி நேரம். முதல் நாள் பொழுது சாயும்போது என்ன செய்வதென்று தெரியாமல், நின்ற இடத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குந்திவிடும். மழை பெய்தாலும் நகராது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது நம் வேலை. ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு வாரம் இதைச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு ஒரு நாள் மாலை ஒரே ஒரு கோழி தானாக உள்ளே போயிருக்கும். அடுத்த நாள் அதன் பின்னாலேயே இன்னொன்று. கம்பில் ஏறாமல் முட்டைப்பெட்டியிலேயே படுத்துத் தூங்கினாலும் முதல் சில நாட்களுக்கு விட்டுவிடலாம். கதவை மட்டும் ஒரு நாளும் மறக்கக் கூடாது. பிரிட்டனில் நரி ஊருக்குள்ளேயே திரிகிறது. லண்டன் நடுவிலும் உண்டு.

இறகைப் பற்றிப் பலருக்கும் கவலை வரும். கழுத்து, நெஞ்சு, முதுகு எல்லாம் மொட்டையாக, சிவந்த தோல் தெரிய வரும் கோழியைப் பார்த்தால் மனசு கலங்கும். கம்பியில் உரசித் தேய்ந்தது பாதி, மற்ற கோழிகள் கொத்திப் பிடுங்கியது பாதி. இதைப் பார்த்து இரக்கப்பட்டு பிரிட்டனில் கம்பளி நூலில் கோழிக்கு ஸ்வெட்டர் பின்னும் வழக்கம் ஒன்று பரவியது. பின்னிக் கொடுத்தவர்களின் மனசு தங்கம். ஆனாலும் போடக் கூடாது என்பதுதான் என் முடிவு. ஸ்வெட்டர் மழையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரேற்றும், அதைப் போட்டுக்கொண்டு கோழியால் கோதவும் மண்ணில் புரளவும் முடியாது, முளைக்கும் புது இறகை அது உரசும். புது இறகு குச்சி குச்சியாக, உள்ளே ரத்தத்தோடு முளைக்கும். தொட்டாலே வலிக்கும். காற்று ஊதாத, ஈரமில்லாத கூடும், கீழே கனமாகப் பரப்பிய வைக்கோலும், பக்கத்தில் ஒட்டிக்கொள்ள இன்னொரு கோழியும் இருந்தால் குளிரைச் சமாளித்துவிடும். சூட்டு விளக்கு வைத்தால் வெளிக்குளிருக்கு உடம்பு பழகாது, வைக்கோலில் தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது. இறகு பெரும்பாலும் புரதம். எனவே உடம்பை மூட ஆசைப்படுவதைவிட நல்ல தீவனம் போடுவது மேல். வெயில்தான் பலர் யோசிக்காத ஆபத்து. மொட்டைத் தோல் வெயிலில் வெந்துவிடும், இங்கிலாந்து வெயிலிலும்கூட. அடைப்பில் பாதிக்காவது நிழல் வேண்டும்.

கொண்டை வெளுத்து, பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். கொட்டகையின் வெக்கையில் சூட்டைத் தணிக்க உடம்பு பயன்படுத்தும் உறுப்பு அது. வெளியில் சில வாரங்கள் இருந்தால் சுருங்கிச் சிவந்துவிடும். கோழி தேறிவருகிறதா என்பதற்கு நான் முதலில் பார்ப்பது கொண்டையைத்தான்.

மண் குளியல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முதல் மாதத்தில் இதைவிட நல்ல அடையாளம் எதுவும் இல்லை. வெறும் கம்பியில் நிற்கும் கூண்டுக்கோழியும் மண் குளியலின் அசைவுகளைச் செய்யும். மண்ணே இல்லாத இடத்தில் குந்தி, இல்லாத மண்ணை இறக்கையால் வாரித் தன் மேல் போட்டுக்கொள்ளும். கோழிகளைக் கவனித்த ஆய்வாளர்கள் பலர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் அதற்கு வேண்டியது ஆழமான ஒரு பெட்டியில் உலர்ந்த மண், கொஞ்சம் மணல், கொஞ்சம் விறகுச் சாம்பல், மேலே நனையாமல் ஒரு கூரை. பெரும்பாலும் உச்சிப்பொழுதில், வெயில் அடிக்கும்போது கோழி அதில் இறங்கும். முதலில் அலகால் மண்ணைத் தன் பக்கமாக இழுத்துக் கொள்ளும். பிறகு குந்தி, இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையால் மண்ணை மேலே எற்றும். மண் இறகுகளின் அடிவரை இறங்கும். ஒருக்களித்துப் படுத்து ஒரு காலால் உதைத்து உதைத்துச் சுற்றும். தலையைத் தேய்க்கும். அப்புறம் கழுத்தை நீட்டி, ஒரு காலை நீட்டி, கண்ணை மூடி அசையாமல் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துப்போய்விட்டது என்று பதறி ஓடிவருவது இந்த இடத்தில்தான். பதற வேண்டாம். எல்லாம் முடிய அரை மணி நேரம் போல ஆகும். எழுந்து ஒரே ஒரு உதறல், புழுதி மேகமாகக் கிளம்பும். இறகில் தேங்கிய பழைய எண்ணெயும் பூச்சியும் அதோடு போகும்.

புல்லுக்கு வருவோம். பச்சையைக் கண்டதும் சில கோழிகள் வெறி பிடித்ததுபோலத் தின்னும். நீளப் புல் இரைப்பையில் உருண்டு சிக்கிக்கொண்டால் கீழே இறங்காது, மேலே தின்னவும் முடியாது. அதனால் திறந்துவிடும் முன் புல்லைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. மாலையில் நிறைந்து கெட்டியாக இருக்கலாம், காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுபோல இருந்தாலோ, வாயில் புளித்த வாடை வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தூள் தீவனமே தின்று வந்ததால் தானியத்தை அரைக்கும் உள்பை வலுவில்லாமல் இருக்கும். தானியத்தை மெதுவாக, ஒரு கை அளவாக, மாலையில் மட்டும் கொடுக்கத் தொடங்கி, அரைப்பதற்கு வேண்டிய சிறு கற்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைக்கலாம்.

மிச்சச் சோறும் காய்த்தோலும் போட்டு வளர்த்தே பழகிய நமக்கு பிரிட்டனின் ஒரு சட்டம் வியப்பாக இருக்கும். வீட்டுச் சமையலறையில் நுழைந்து வெளியே வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது. காய்கறித் தோலும் அதில் அடக்கம். இறைச்சியோ பாலோ பட்ட உணவு வழியாகக் கால்நடை நோய் பரவும் என்ற பயம்தான் காரணம். 2001-ல் கோமாரி நோய் அங்கே லட்சக்கணக்கான கால்நடைகளைக் காவு வாங்கிய பிறகு இந்த விதிகள் இறுகின. தோட்டத்தில் பறித்த கீரையை நேராகப் போடலாம். இன்னொன்றும் அங்கே குடியிருக்கும் தமிழர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். பறவைக்காய்ச்சல் பரவும் குளிர்காலங்களில் கோழிகளை வெளியே விடக் கூடாதென்று உத்தரவு வருவதுண்டு. முதலிலேயே கூரை போட்ட அடைப்பாகக் கட்டிவிட்டால் அப்போது அவதிப்பட வேண்டாம்.

நோய் விஷயத்தில் கூண்டுக்கு ஒரு விசித்திரமான பக்கம் உண்டு. எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடுவதால் குடற்புழுவும் ரத்தக்கழிச்சல் கிருமியும் கூண்டுக்கோழியை அவ்வளவாக எட்டுவதில்லை. அதனாலேயே அவற்றுக்கு எதிரான சக்தியும் அதன் உடம்பில் வளர்ந்திருப்பதில்லை. மண்ணில் இறங்கும் நாளில்தான் எல்லாவற்றையும் முதன்முறையாகச் சந்திக்கிறது. பல வருடம் கோழி திரிந்த பழைய இடத்தில் நேராக விடாமல், கொஞ்சம் புது மண்ணில் விட்டு, அடைப்பை அவ்வப்போது இடம் மாற்றினால் அந்த அடி லேசாக விழும். குடற்புழு மருந்தை முதல் சில வாரங்களுக்குள் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். செள் இன்னொரு எதிரி. சிவப்புச் செள் பகலில் கோழி மேல் இருக்காது. கம்பின் முனையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு வெள்ளைத் தாளால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த கோழியை இது சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

முட்டையைப் பொறுத்தவரை ஒன்றும் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. சில கோழிகள் பெட்டியிலேயே இட்டுக்கொண்டு வரும். முதல் வாரங்களில் ஓடில்லாத தோல்முட்டையும், ஓடு சொரசொரத்த முட்டையும் சகஜம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். பகல் குறையும் மாதங்களில் வந்த கோழி, செயற்கை வெளிச்சம் இல்லாததால் முட்டையை நிறுத்திவிட்டு இறகு உதிர்க்கத் தொடங்கலாம். அதைப் பார்த்துக் கூட்டில் பல்பு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். மாட்டாதீர்கள். அந்த உடம்புக்கு இதுவரை கிடைக்காத ஓய்வு அது. இந்தக் கோழிகளை முட்டையே கொல்வதும் உண்டு. மஞ்சள்கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிக்கும். வயிறு உப்பும், கோழி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும், நடக்க யோசிக்கும், வால் தொங்கும். அப்படிக் கண்டால் அன்றைக்கே மருத்துவர். முட்டையிடுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும், தோலடியில் பொருத்துகிற மருந்தைப் பிரிட்டனில் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம், ஆனால் திரும்பத் திரும்ப அவதிப்படும் கோழிக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நம் ஊர். நாமக்கல் பக்கத்தில் ‘முட்டைக்கோழி கிலோ இவ்வளவு’ என்று தினமும் பேப்பரில் விலை வருவது இந்தக் கழிக்கப்பட்ட கோழிக்குத்தான். கறிக்கடையில் நிற்பதைப் பார்த்துப் பாவப்பட்டு இரண்டு மூன்றை வாங்கி வந்து, ஒரு வாரத்தில் செத்துப்போய், ‘பண்ணைக்கோழி வீட்டில் தங்காது’ என்று சொல்லிவிடுவார்கள். தங்கும். அது லாரியில் வந்த களைப்போடும் தாகத்தோடும் இருக்கிறது என்பதையும், மேலே சொன்ன உடம்பு அது என்பதையும் யோசித்து வைத்தால் தங்கும். அன்றைக்கு அதற்கு வேண்டியது தண்ணீரும் நிழலும் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையும்தான். இங்கே குளிரைவிட வெயில்தான் எமன். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால், இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றால், சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர்ப் பாத்திரத்தை நிழலுக்கு நகர்த்தி, அடைப்பின் தரையை நனைத்துவிட்டு, மத்தியானம் தீவனம் போடுவதை நிறுத்திக் காலையிலும் மாலையிலும் போடலாம். நம் பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் வழிவந்த, எடை குறைந்த, சட்டென்று மிரளும் கோழி. நாட்டுக்கோழியோடு நேராக விட்டால் நாட்டுக்கோழி அதைத் தின்னவே விடாது. மேலும் தடுப்பூசி போட்ட பண்ணைக்கோழி, தான் நோய் காட்டாமலே கிருமியைச் சுமந்து வரலாம். வெள்ளைக்கழிச்சல் எப்படி ஒரே வாரத்தில் ஊர்க்கோழிகளைத் துடைத்துவிடும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் நாட்டுக்கோழிக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு புதுக்கோழியை வாங்கி, இரண்டு வாரமாவது தள்ளி வையுங்கள். இரவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது நாய்க்கும் பூனைக்கும் போதும். கீரி உள்ள இடத்தில் தரையும் சுவரும் இடைவெளியில்லாத கூடு வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில கோழிகள் முதல் வாரத்திலேயே போய்விடும். வந்த களைப்பையே தாங்காத உடம்பு அது. யாரும் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். தேறிவிட்ட கோழிகள் இரண்டு மூன்று வருடம், சில அதற்கு மேலும் வாழும். கோழி கூட்டமாக வாழும் பிராணி என்பதால் பிரிட்டன் அமைப்பு மூன்றுக்குக் குறைவாகக் கொடுப்பதில்லை. மூன்றில் இரண்டு போய் ஒன்று மட்டும் மிஞ்சும் நாள் வந்தே தீரும். அப்போது துணைக்கென்று ஒன்றை மட்டும் கொண்டுவந்தால், பழையது தன் கோபத்தையெல்லாம் அந்த ஒன்றின் மேலேயே காட்டும். இரண்டோ மூன்றோ கொண்டுவர வேண்டும். இரண்டு வாரம் வலைக்கு இரு பக்கமும் வைத்து ஒன்றையொன்று பார்க்க விட்டு, பிறகு தோட்டத்தில் இரு தரப்புக்கும் புதிதான ஓர் இடத்தில், கீரையைப் பரவலாகத் தூவிவிட்டு, நாம் பக்கத்தில் இருக்கும்போதே ஒன்றாகத் திறந்துவிடலாம்.